கீமோ நாளுக்கு முன்பே தொடங்க வேண்டிய மனக்காட்சிப் பயிற்சி: முழுமையான வழிகாட்டி

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவருக்கு அருகில் அமர்ந்து, அவருக்குப் பழக்கமான ஓர் இடத்தை அவர் மனத்துக்குள் மெல்ல எழுப்பித் தருவதுதான் மனக்காட்சிப் பயிற்சி. கேட்பதற்கு எளிது. முதல்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறினேன். இங்கே எழுதுவதில் பாதி என் அம்மாவின் கீமோ நாட்களில் கற்றது. மீதி, பகல்நேரச் சிகிச்சை வார்டில் தன்னார்வலராக மற்றக் குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது தெரிந்துகொண்டது.

தடுமாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் வரிசை மாறிவிடுவதுதான். ஏற்கெனவே குமட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் போய், "கண்ணை மூடி ஓர் அருவியை நினைத்துப் பார்" என்றால் எதுவும் நடக்காது. முதல் ஊசிக்கு ஒரு வாரம் முன்பே, வீட்டில், உடம்பு ஓரளவு சௌகரியமாக இருக்கும்போது தொடங்க வேண்டிய வேலை இது.

1. எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை முதலில் பேசிவிடுங்கள்

மனக்காட்சிப் பயிற்சி கட்டியைக் கரைக்காது. மருந்துக்கோ, அறுவைக்கோ, கதிர்வீச்சுக்கோ மாற்றும் ஆகாது. பதற்றத்தைக் குறைக்கவும், வலியின் பாரத்தைச் சற்றுத் தணிக்கவும், தூக்கத்துக்கும், கீமோவை நினைத்தாலே வரும் குமட்டலுக்கும் உதவக்கூடும். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ 2022இல் வலி குறித்து வெளியிட்ட பரிந்துரைகளில் இதற்கும் இடம் இருக்கிறது. ஆனால் சான்று அவ்வளவு வலுவானதல்ல என்ற குறிப்போடுதான்.

இதை நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், அடுத்த ஸ்கேனில் நல்ல செய்தி வராதபோது "நான் சரியாக நினைக்கவில்லை போலிருக்கிறது" என்ற குற்றவுணர்வு வந்து உட்கார்ந்துகொள்ளும். நோயோடு இந்தச் சுமையும் எதற்கு? "இது உன் உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வு, அவ்வளவுதான். நன்றாகச் செய்தாய், சரியாகச் செய்யவில்லை என்ற பேச்சே இதில் கிடையாது" என்று சொன்னால் போதும்.

2. சிகிச்சைக் குழுவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

காட்சியைத் தேர்ந்தெடுக்கும் முன் மருந்தின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். குடல் புற்றுநோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் ஆக்சாலிபிளாட்டின் ஏறிய பிறகு, சில நாட்களுக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டாலே விரல்கள் கூசும். குளிர்ந்த நீர் தொண்டையில் இறங்கினால் இறுக்கிப் பிடிப்பதுபோல் இருக்கும். அந்த மருந்தில் இருந்த ஒருவருக்கு, உறவினர் ஒருவர் குற்றால அருவி தலையில் விழுவதை மிக அழகாக வருணித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். அவருக்கு வெயில் காயும் முற்றம்தான் வேண்டியிருந்தது.

அடுத்தது எலும்பு. இணையத்தில் கிடைக்கும் பல பதிவுகள், தசைகளை இறுக்கித் தளர்த்துவதில் தொடங்குகின்றன. எலும்பில் நோய் பரவியிருந்தாலோ, அண்மையில் அறுவை நடந்திருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்ய வேண்டாம். மார்பக அறுவைக்குப் பின் வீங்கியிருக்கும் கையையும், ஊசி குத்தியிருக்கும் கையையும் இறுக்கச் சொல்லவே கூடாது. இறுக்காமல், "தோள் இறங்குகிறது, தாடை தளர்கிறது" என்று சொல்லி மட்டும் தளர்த்தினாலே போதும்.

மூச்சுத்திணறல் இருப்பவரிடம் "ஆழமாக மூச்சை இழுங்கள்" என்று சொன்னால் பயம்தான் கூடும். அவருக்கு மூச்சைப் பற்றிப் பேசாமல் பாதத்திலிருந்தோ உள்ளங்கையிலிருந்தோ தொடங்குங்கள்.

காதில் குரல் கேட்பது, இல்லாதது தெரிவது, நாள் நேரம் குழம்புவது ஆகியவை இருந்தால் இந்தப் பயிற்சியை நீங்களாகத் தொடங்காதீர்கள். குழப்பம் புதிதாக வந்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

3. இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். நான் அம்மாவுக்குக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தேன். எனக்குக் கடல் பிடிக்கும். அலை, காற்று, தூரத்தில் கட்டுமரம் என்று இரண்டு பக்கம் எழுதி மூன்று நாள் வாசித்தேன். நான்காம் நாள் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அலையைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். நீ ஆசையாக வாசிக்கிறாயே என்றுதான் சும்மா இருந்தேன்." குமட்டலுக்கு மருந்தாக நான் கொடுத்தது தலைசுற்றலை!

ஆகவே கேளுங்கள். "உனக்குப் பிடித்த இடம் எது?" என்று கேட்டால் சுற்றுலாத் தலங்களின் பெயர்கள் வரும். "வேலை எல்லாம் முடிந்து யாரும் கூப்பிடாத நேரத்தில் எங்கே போய் உட்காருவாய்?" என்று கேட்டால் உண்மையான இடம் வரும். திண்ணை, மாடிப்படி, கோயில் குளத்தின் மூன்றாம் படிக்கட்டு, பம்புசெட்டுத் தொட்டியின் விளிம்பு. ஒருவர் தம் தையல் இயந்திரத்துக்கு முன்னால் இருக்கும் முக்காலியைச் சொன்னார். இவை போதும். இதைவிட அழகான இடம் தேவையில்லை.

இடம் கிடைத்ததும் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி: "அங்கே வேறு யாராவது இருக்கிறார்களா?" பிறந்த வீட்டுத் திண்ணை என்று சொல்பவரின் மனத்தில், அந்தத் திண்ணையில் கடைசியாகக் கிடத்தப்பட்டிருந்த தந்தை இருக்கலாம். முகம் மாறினால் வேறு இடம் பாருங்கள். துக்கம் தவறல்ல. ஆனால் குமட்டலோடு உட்கார்ந்திருக்கும் நேரம் அதற்கானதல்ல.

சிலருக்குக் கண்ணுக்குள் படமே வராது. "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று வருத்தப்படுவார்கள். அவர்களுக்குச் சத்தமும் தொடுவுணர்வும் போதும். திண்ணை தெரியாவிட்டாலும், வழவழப்பான சிமெண்டில் கை வைத்த ஞாபகம் இருக்கும்.

4. வாசனையை விட்டுவிடுங்கள்

ஐம்புலன்களையும் சேர்க்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கீமோவில் இருப்பவருக்கு இந்த விதி பொருந்தாது. கீமோவுக்குப் பிறகு வாசனைகள் மாறிப்போகின்றன. தாளிக்கும் மணம், மல்லிகை, காபி எல்லாமே வயிற்றைப் புரட்டலாம். மண்வாசனையைக்கூட நான் எழுதுவதில்லை. வாயில் புண் இருப்பவருக்குச் சாப்பாட்டுக் காட்சிகளும் வேண்டாம். சத்தம், தொடுவுணர்வு, வெளிச்சம், உடம்பின் பாரம் ஆகிய நான்கைக் கொண்டு எழுதுங்கள்.

நிறத்திலும் கவனம் தேவை. டாக்சோரூபிசின் என்ற மருந்து சிவப்பாக இருக்கும். அது ஏறிய சிலருக்குப் பிறகு சிவப்பு நிறப் பானத்தைப் பார்த்தாலே குமட்டும். அவர்களிடம் செம்பருத்தியும் செவ்வானமும் வேண்டாம்.

5. எழுதிக்கொள்ளுங்கள்

மனப்பாடமாகச் சொல்லிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வார்டின் சத்தத்தில் வார்த்தை மறந்துபோகும். பதற்றத்தில் வேகமும் கூடும். ஒரு பக்கம் போதும். அம்மாவுக்கு நான் கடைசியாக எழுதியது இது:

"அம்மா, முதுகைச் சாய்த்துக்கொள். பாதம் எங்கே படுகிறது என்று மட்டும் பார்.

மூச்சை மாற்ற வேண்டாம். அது தானாக வந்து போகட்டும்.

இப்போது நம் ஊர்த் திண்ணைக்கு வருகிறாய். தெருப் பக்கமிருந்தா, வீட்டுக்குள்ளிருந்தா என்று நீயே பார்த்துக்கொள்.

உட்காருகிறாய். உள்ளங்கைக்குக் கீழே திண்ணை வழவழப்பாக இருக்கிறது.

மழை விட்டுவிட்டது. ஓட்டின் விளிம்பிலிருந்து சொட்டுகிறது. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று கேள்.

தூணில் சாய்கிறாய். உன் பாரத்தைத் தூண் வாங்கிக்கொள்கிறது. தோள் இறங்குகிறது.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மெல்லச் சேர்த்துக்கொள். சிறிது நேரம் இப்படியே இரு. யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இனிக் கிளம்பலாம். திண்ணை இங்கேயேதான் இருக்கும். கால்விரலை அசைத்துப் பார். என் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? மெதுவாகக் கண்ணைத் திற."

இதன் வரிசைக்குக் காரணம் இருக்கிறது. முதலில் உடம்பு, ஏனென்றால் நாற்காலியில் படும் முதுகை யாரும் கற்பனை செய்யத் தேவையில்லை. அது உண்மையிலேயே அங்கே இருக்கிறது. அடுத்து வருகை. எந்த வழியாக வருவது என்பதை அவரே தீர்மானிக்கும்போது காட்சி அவருடையதாகிவிடும். பிறகு கவனத்தைக் கட்டிவைக்க ஒரு சிறு வேலை. சொட்டுக்கு நடுவிலுள்ள நேரத்தைக் கேட்கிறவரால் ஊசியைப் பற்றி அதே நேரத்தில் நினைப்பது கடினம். விரல் சேர்ப்பது பின்னால் பயன்படும். அதை எட்டாம் பகுதியில் சொல்கிறேன்.

திரும்பி வரும் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்திவிட்டு எழுந்தால், கேட்டவருக்குத் தலை கனக்கும், எரிச்சல் வரும். கீமோவில் இரத்த அழுத்தம் குறைந்திருப்பவர் சட்டென்று எழுந்தால் விழவும்கூடும். கண் திறந்த பிறகு இரண்டு நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கட்டளையாக எழுத வேண்டாம். "நீ அமைதியாக இருக்கிறாய்" என்று எழுதினால், அமைதி இல்லாதவருக்கு அது பொய். "தூண் வாங்கிக்கொள்கிறது" என்பதோடு நாம் எதிர்வாதம் செய்வதில்லை. இன்மைச் சொற்களையும் தவிருங்கள். "வலி இல்லை, குமட்டல் இல்லை" என்று வாசித்தால், காதில் விழுவது வலியும் குமட்டலும்தான்.

6. வாசிப்பும் பதிவும்

வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள். அம்மாவை எப்போதும் 'நீ' என்பவர், பயிற்சியில் மட்டும் 'தாங்கள்' என்று தொடங்கினால் அவளுக்குச் சிரிப்புதான் வரும். அப்பாவை 'நீங்கள்' என்றுதான் சொல்வீர்கள் என்றால் அப்படியே எழுதுங்கள். வானொலி அறிவிப்பாளர் குரலும் வேண்டாம், கொஞ்சும் குரலும் வேண்டாம்.

வேகம்தான் பலருக்குச் சிக்கல். ஒரு வரி சொன்னதும், உங்கள் மூச்சு இரண்டு முறை வந்து போகும்வரை காத்திருங்கள். "சிறிது நேரம் இப்படியே இரு" என்ற இடத்தில் பத்து மூச்சு. முதலில் இந்த மௌனம் சங்கடமாக இருக்கும். எதையாவது சொல்லி நிரப்பத் தோன்றும். நிரப்பாதீர்கள், வேலை நடப்பதே அந்த இடைவெளியில்தான். மேலே உள்ள பக்கத்தை இப்படி வாசித்தால், பாதத்திலிருந்து கண் திறப்பது வரை ஐந்தாறு நிமிடம் ஆகும்.

பிறகு கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஃபிளைட் மோடில் போட்டுப் பதியுங்கள். கேட்கும்போதும் அதே மோடு. திண்ணையில் சாய்ந்த நேரத்தில் வங்கிக் கடன் அழைப்பு வந்தால் மறுபடியும் முதலிலிருந்துதான். பின்னணி இசை சேர்க்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். நான் சேர்ப்பதில்லை. காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

7. கீமோ நாளுக்கு முன் வீட்டில் பத்து முறை

நாளுக்கு ஒன்றிரண்டு முறை, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, ஒரே நாற்காலியில். முதல் ஊசிக்கு முன் பத்து முறையாவது ஆகியிருக்க வேண்டும்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. கீமோவுக்குப் பின் வாந்தி எடுத்தவரின் உடம்பு, அந்த வாந்தியை வார்டின் ஸ்பிரிட் வாசனையோடும் நாற்காலியோடும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. சில சுற்றுகள் கழித்து, மருத்துவமனை வாசலைப் பார்த்ததுமே குமட்டத் தொடங்கும். ஊசியே போட்டிருக்க மாட்டார்கள். இந்த வகைக் குமட்டலுக்கு ஒன்டான்செட்ரான் போன்ற வாந்தித் தடுப்பு மாத்திரைகள் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. முதல் சுற்றிலிருந்தே வாந்தியை மருந்தால் கட்டுப்படுத்துவதுதான் சிறந்த தடுப்பு. அதற்குத் துணையாகத்தான் இந்தப் பயிற்சி.

இதே முடிச்சு உங்கள் காட்சியிலும் விழலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. திண்ணையை வார்டில் மட்டும் நினைத்தால், திண்ணையே குமட்டலின் பக்கம் சேர்ந்துவிடும். அவருக்கு மிகப் பிடித்த பாட்டைப் பின்னணியில் போட்டால் அந்தப் பாட்டும் போகும். சிகிச்சை முடிந்து எத்தனையோ மாதம் ஆகியும் ஒரு பாட்டைக் கேட்க முடியாமல் எழுந்து போகிறவரைப் பார்த்திருக்கிறேன். ஆகவே வார்டில் ஒரு முறை செய்தால், இடைப்பட்ட நாட்களில் வீட்டில் பல முறை செய்து திண்ணையை வீட்டுக்குச் சொந்தமாகவே வைத்திருங்கள்.

8. கீமோ நாளன்று

இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கும் நேரம்தான் சிறந்த நேரம். எல்லாருக்கும் பதற்றம் ஏறுவது அங்கேதான். ஒரு முறை முழுவதும் கேட்கலாம்.

ஊசி குத்தும்போது முழுப் பதிவு தேவையில்லை. வீட்டில் ஒவ்வொரு முறையும் விரல்களைச் சேர்த்துப் பழகியிருந்தால், இப்போது மறு கையில் விரல்களைச் சேர்த்ததும் உடம்புக்குத் திண்ணை ஞாபகம் வரும். வீட்டில் பழகாமல் இங்கே மட்டும் முயன்றால் அது வெறும் விரல்தான்.

மருந்து இறங்கத் தொடங்கும் முதல் கால் மணி நேரம் பயிற்சி வேண்டாம். பாக்ளிடாக்சல், டோசிடாக்சல் போன்ற மருந்துகளுக்கு ஒவ்வாமை வந்தால், பெரும்பாலும் முதல் இரண்டு சுற்றுகளில், மருந்து ஏறிய முதல் சில நிமிடங்களிலேயே வரும். நெஞ்சு இறுகுவது, முகம் சிவந்து சூடாவது, மூச்சு முட்டுவது ஆகியவற்றை அவர் உடனே உணர்ந்து சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவர் வார்டில் இருக்க வேண்டும், திண்ணையில் அல்ல.

ஊசி குத்திய இடத்தில் எரிச்சல், வலி, வீக்கம் இருந்தால் கற்பனையால் சமாளிக்கக் கூடாது. சில மருந்துகள் இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் தோலும் சதையும் வெந்துபோகும். உடனே செவிலியரைக் கூப்பிட வேண்டும். இதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். "பொறுத்துக்கொள்வதற்காக அல்ல இந்தப் பயிற்சி" என்ற ஒரு வாக்கியம் போதும். நம் ஊர்ப் பெண்களிடம் இதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

இயர்போன் ஒரு காதில் மட்டும். செவிலியர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், மருந்து ஏற்றும் பம்பு ஒலி எழுப்புவதும் மறு காதில் கேட்க வேண்டும்.

அன்றிரவு தூக்கத்துக்காகப் பயிற்சி செய்தும் தூக்கம் வராமல் போகலாம். கீமோவோடு கொடுக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தூக்கத்தைக் கெடுக்கும். பயிற்சியையோ அவரையோ குறை சொல்லாமல், அதை எந்த நேரத்தில் எடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

9. கதிர்வீச்சு முகமூடி போடுபவர்களுக்கு

தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு எடுப்பவரின் முகத்தை, வலைபோன்ற கெட்டியான முகமூடியால் மேசையோடு சேர்த்துப் பிடித்துவைப்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம். மூச்சு முட்டும் என்ற பயம் பலருக்கு உண்டு.

இங்கே காட்சியில் நடப்பது, திரும்பிப் பார்ப்பது எதுவும் கூடாது. உடம்பும் அசைந்துவிடும். படுத்திருக்கும் இடமாக இருக்கட்டும்: மொட்டைமாடியில் பாய், மேலே வானம். ஆழ்ந்த மூச்சும் வேண்டாம். வீட்டில் முகத்தின் மேல் மெல்லிய துணியைப் போட்டு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று கூட்டிப் பழகலாம். கதிர்வீச்சு கொடுக்கும் ஊழியர்கள் அறைக்கு வெளியிலிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். கையை உயர்த்தினால் நிறுத்துவார்களா என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

10. போர்க் காட்சிகள் வேண்டுமா?

வெள்ளையணுக்கள் படைவீரர்களாகப் போய்ப் புற்றணுக்களை வெட்டி வீழ்த்துவதாகக் கற்பனை செய்யும் முறை ஒன்று உண்டு. 1970களில் அமெரிக்காவில் கார்ல் சைமன்டன் என்ற கதிர்வீச்சு மருத்துவர் பரப்பியது. நோயாளியே கேட்டால், அவருக்கு அது தெம்பு தந்தால் மறுக்காதீர்கள். நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். போர் என்றால் தோல்வியும் உண்டு. வெள்ளையணு எண்ணிக்கை குறைந்து கீமோ ஒரு வாரம் தள்ளிப்போகும்போது, படை தோற்றதாகவே அவர் எடுத்துக்கொள்வார்.

11. நடுவில் அழுதால், தூங்கினால், வேண்டாம் என்றால்

அழுதால் வாசிப்பதை நிறுத்திவிட்டு அருகிலேயே இருங்கள். "நிறுத்திவிடலாமா, தொடரலாமா?" என்று கேளுங்கள். தூங்கினால் தூங்கட்டும். குறட்டைவிட்டுத் தூங்கியவரை எழுப்பி "கேட்டாயா?" என்று கேட்ட மகனை நான் பார்த்திருக்கிறேன்.

வேண்டாம் என்றால் வேண்டாம். உடம்பில் நடக்கும் எதற்கும் அவரை யாரும் கேட்பதில்லை. இதையாவது மறுக்கும் உரிமை இருக்கட்டும்.

12. குறிப்பேடு

தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் பதற்றம், குமட்டல், வலி மூன்றுக்கும் 0 முதல் 10 வரை எண் கேட்டு எழுதுங்கள். 8 என்பது 6 ஆனாலே பயன் இருக்கிறது. பூஜ்யத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு எந்த எண்ணும் அசையவில்லை என்றால் காட்சியை மாற்றிப் பாருங்கள். மாற்றியும் அசையவில்லை என்றால், மருத்துவமனையில் மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

வலிக்கான எண் நாளுக்கு நாள் ஏறினால் அது மருந்தை மாற்ற வேண்டிய நேரம். வலி மாத்திரையைத் தள்ளிப்போட இந்தப் பயிற்சியைப் பயன்படுத்தாதீர்கள். மாத்திரையைப் போட்டுவிட்டு, அது வேலை செய்யத் தொடங்கும்வரை உள்ள அரை மணி நேரத்துக்குத் திண்ணைக்குப் போய் வரலாம்.

அதே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் மருத்துவமனையின் அவசர எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள். கீமோ சுற்றுகளுக்கு நடுவில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தியானாலோ, மூச்சு வாங்கினாலோ, நேரம் இரவு இரண்டு மணியாக இருந்தாலும் கூப்பிடுங்கள். காய்ச்சலோடு இருப்பவரைத் திண்ணைக்குக் கூட்டிப்போகாதீர்கள், மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.